தங்கம்-25 முதல் வெள்ளி-44 வரை: உலோக நானோ கிளஸ்டர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்ய வருபவர்கள், புதிதாக ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள், பக்கத்து ஆய்வகத்தில் இருப்பவர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அதையெல்லாம் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். முதலில் இருந்து படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் தங்கம்-25 ஐத்தான் எடுத்துக்கொள்கிறேன். 25 தங்க அணு, அதைச் சுற்றி 18 தயோலேட் (தயோல் என்ற கந்தகம் கொண்ட கரிமச் சேர்மம் தன் ஹைட்ரஜனை விட்டு உலோகத்தோடு ஒட்டிய வடிவம்), மொத்தத்துக்கும் ஒரு எதிர்மின்சுமை. இந்தத் துறையில் இதைப் போலத் துருவித் துருவி ஆராயப்பட்ட கிளஸ்டர் வேறு இல்லை.

நானோ துகளும் நானோ கிளஸ்டரும் ஒன்னுதானே? பேர்தான் வேறயா?

இல்லை. பத்து நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்றில் சுமார் 30,000 அணுக்கள் இருக்கும். பக்கத்தில் இருக்கும் துகளில் 29,000 இருக்கலாம், 32,000 இருக்கலாம், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, சராசரி அளவைச் சொன்னால் போதும். கிளஸ்டரில் அந்தப் பேச்சே கிடையாது. தங்கம்-25 என்றால் குடுவையில் உள்ள ஒவ்வொன்றிலும் 25 தங்கம்தான், 18 தயோலேட்தான். அதற்கு வாய்பாடு உண்டு, மூலக்கூறு எடை உண்டு, நல்ல படிகமாகவும் வளரும். அதாவது அது ஒரு மூலக்கூறு.

கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். தங்க நானோ துகள் கரைசல் ஒயின் சிவப்பு, ஏனென்றால் 520 நானோமீட்டர் அருகே, எலக்ட்ரான்கள் கூட்டாக அசைவதால் வரும் பிளாஸ்மான் என்ற ஒற்றை அகன்ற உச்சி. தங்கம்-25 கரைசல் செம்பழுப்பு. அதன் நிறமாலையில் பிளாஸ்மான் இல்லை. அதற்குப் பதிலாக 400, 450, 670 நானோமீட்டர் பக்கத்தில் தனித்தனி உச்சிகள். எலக்ட்ரான் ஆற்றல் நிலைகள் பட்டையாக ஒட்டிக்கொள்ளாமல் படிப்படியாகப் பிரிந்து நிற்பதால் வருவது அது. நிரம்பிய கடைசி நிலைக்கும் காலியான முதல் நிலைக்கும் இடையே சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி.

அப்போ எத்தனை அணு சேர்ந்தா அது உலோகம்னு சொல்லலாம்?

தயோலேட் மூடிய தங்கத்துக்கு இதற்குப் பதில் இருக்கிறது. 246 தங்க அணு கொண்ட கிளஸ்டர் இன்னும் மூலக்கூறு மாதிரிதான் ஒளியை உறிஞ்சுகிறது, 279 அணு கொண்டதில் பிளாஸ்மான் வந்துவிடுகிறது. 33 அணு வித்தியாசத்துக்குள் குணம் மாறுகிறது. வெள்ளிக்கும் மற்ற லிகண்டுகளுக்கும் (தயோலேட் மாதிரி உலோகத்தைச் சுற்றி மூடும் மூலக்கூறுகள்) இந்த எண்களை அப்படியே தூக்கிப் போடாதீர்கள்.

உள்ளே எப்படி இருக்கும்? 25 தங்கமும் ஒரு உருண்டை, மேலே தயோல் ஒட்டியிருக்கும், அப்படித்தானே?

2007 வரை ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் படம் போட்டார்கள். அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ரோஜர் கோர்ன்பெர்க் குழு 102 தங்க அணுவும் 44 தயோலேட்டும் கொண்ட கிளஸ்டரின் படிக அமைப்பை வெளியிட்டது. கோர்ன்பெர்க் உயிர்வேதியியல்காரர், டி.என்.ஏ.வில் இருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும் விதத்தைக் கண்டதற்காக 2006இல் நோபல் வாங்கியவர். தங்க வேதியியலின் முக்கியமான கதவு ஒன்றை அவர் குழு திறந்தது எனக்கு இன்றும் மகிழ்ச்சியான விஷயம். அடுத்த வருடம், 2008இல், வட கரோலினாவில் மர்ரே குழுவும் கார்னகி மெலனில் ரோங்சாவ் ஜின் குழுவும் தனித்தனியாகத் தங்கம்-25 இன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள்.

நடுவில் ஒரு தங்க அணு, அதைச் சுற்றி 12, ஆக 13 அணு கொண்ட இருபது முக உள்ளகம். மீதி 12 தங்கம் உள்ளகத்தில் இல்லை! அவை தயோலேட்டோடு சேர்ந்து வெளியே கிடக்கின்றன. கந்தகம், தங்கம், கந்தகம், தங்கம், கந்தகம் என்று ஒரு வளைந்த பட்டை. அதன் இரண்டு முனைக் கந்தகமும் உள்ளகத்தைக் கவ்வியிருக்கும். தாளைப் பிடிக்கும் ஸ்டேப்ளர் பின் மாதிரி இருப்பதால் ஸ்டேப்பிள் என்றே பெயர். இப்படி ஆறு ஸ்டேப்பிள். ஒவ்வொன்றிலும் 2 தங்கம், 3 கந்தகம். ஆறால் பெருக்கினால் 12 தங்கம், 18 கந்தகம். கணக்கு சரியாக வருகிறதா? இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உருமாற்றம் பற்றிப் பேசும்போது இது இல்லாமல் எதுவும் புரியாது.

சரி, எப்படித்தான் செய்யறது?

எல்லாவற்றுக்கும் தாய் 1994இல் புருஸ்ட், ஷிஃப்ரின் முதலானோர் லிவர்பூலில் செய்த இரட்டை அடுக்கு முறை. நீரில் இருக்கும் தங்க உப்பை நான்கு நீளக் கரிமச் சங்கிலி கொண்ட அம்மோனியம் உப்பு ஒன்றின் துணையோடு டொலுயீனுக்குள் இழுத்து, தயோல் சேர்த்து, சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்குவது. இன்றைக்குத் தங்கம்-25 செய்பவர்கள் பலர் இரண்டு அடுக்கைக்கூட விட்டுவிட்டார்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற ஒரே கரைப்பானில் எல்லாமே நடந்துவிடுகிறது.

பார்க்க அழகாக இருக்கும். தங்க உப்பும் அந்த அம்மோனியம் புரோமைடும் சேர்ந்தால் ஆழ்ந்த ஆரஞ்சுச் சிவப்பு. ஃபீனைல் எத்தில் தயோல் விட்டதும் நிறம் மெதுவாக மஞ்சளாகி, பிறகு ஏறக்குறைய நிறமே இல்லாமல் போகும். தங்கம் மூன்று என்ற நிலையில் இருந்து ஒன்று என்ற நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. தயோலில் ஒரு பகுதி டைசல்ஃபைடாக மாறியிருக்கும். அந்த நிறமற்ற கட்டம் வருவதற்கு முன் அவசரப்பட்டுப் போரோஹைட்ரைடைக் கொட்டாதீர்கள். அது வந்த பிறகு, ஐஸ் போலக் குளிர்ந்த நீரில் அப்போதுதான் கரைத்த போரோஹைட்ரைடை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். நொடியில் கறுத்துவிடும், ஹைட்ரஜன் பொங்கும், ஆகவே மூடிய குடுவையில் செய்யாதீர்கள், புகைப்போக்கி அலமாரிக்கு வெளியேயும் செய்யாதீர்கள். தயோல் நாற்றம் துணியில் ஏறினால் பேருந்தில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

கறுப்பா வந்துடுச்சு. அதுவே தங்கம்-25ஆ?

இல்லை, அது கலவை. ஊற்றியவுடன் பல அளவுகளில் கிளஸ்டர்கள் உருவாகின்றன. பிறகு அப்படியே மணிக்கணக்கில், சில செய்முறைகளில் நாள்கணக்கில், கலக்கிக்கொண்டே விட வேண்டும். அந்த நேரத்தில் மிச்சம் இருக்கும் தயோல் தாங்காத அளவுகளையெல்லாம் அரித்துவிடுகிறது, தாங்குவது மட்டும் நிற்கிறது. அளவுக் குவிப்பு என்று இதைச் சொல்லலாம். கரைசலின் நிறமாலையை அவ்வப்போது எடுத்துப் பார்த்தால் முதலில் சரிவான ஒரு கோடு மட்டும் இருக்கும், போகப் போக 670 பக்கத்தில் மேடு எழும்பும். ஆய்வகத்தில் நான் மிகவும் ரசிக்கும் காட்சிகளில் ஒன்று அது.

தங்கம்-38 க்கும் இதே தத்துவம்தான், ஆனால் அங்கே சூடு வேண்டும். முதலில் குளுட்டதயோன் (உயிர்ச்செல்களில் இருக்கும் ஒரு தயோல்) மூடிய கலவையைச் செய்து, அதை மிகுதியான ஃபீனைல் எத்தில் தயோலோடு 80 டிகிரியில் வைப்பார்கள். பலவீனமானதெல்லாம் கரைந்துபோய் 38 நிற்கும்.

ஒரே செய்முறை, சீனியருக்கு வருது, எனக்கு வரலை. எங்கே தப்பு?

தப்பு பெரும்பாலும் முதல் கட்டத்தில், அதாவது தயோல் சேர்த்து நிறம் போகும் கட்டத்தில். 2008இல் ஜின் குழு காட்டியது இதுதான்: பூஜ்ஜியம் டிகிரியில், நிமிடத்துக்குச் சுமார் 30 சுற்று என்ற மிக மெதுவான கலக்கலில் தயோலைச் சேர்த்தால் தங்கம்-25 நல்ல அளவில் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில் உருவாகும் தங்கம்-தயோலேட் திரள்கள் எப்படி இருக்கின்றன என்பது பின்னால் வரும் கிளஸ்டரைத் தீர்மானிக்கிறது. நாம் எல்லாரும் கடைசி ஒடுக்கத்தையே பார்த்துக்கொண்டு முதல் அரைமணி நேரத்தை அலட்சியம் செய்கிறோம்.

அடுத்தது பழைய போரோஹைட்ரைடு. ஈரம் பட்டுக் கட்டியாகிப்போன டப்பாவில் இருந்து எடுத்தால் எடை போட்ட அளவுக்கு ஒடுக்கும் சக்தி இருக்காது. புது டப்பா திறந்து ஒருமுறை செய்து பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கிடைச்சது தங்கம்-25தான்னு எப்படி உறுதியா சொல்றது? டி.இ.எம். எடுத்தா போதுமா?

போதாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு நானோமீட்டர் புள்ளிகள் தெரியும், 25க்கும் 28க்கும் அங்கே வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு எலக்ட்ரான் கற்றை பட்டே சில கிளஸ்டர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், அந்தப் பெரிய புள்ளியை அளந்து கட்டுரையில் போட்டவர்களும் இருக்கிறார்கள். முதலில் ஒளி உறிஞ்சு நிறமாலை, பிறகு நிறை நிறமாலை. ஃபீனைல் எத்தில் தயோலேட் மூடிய தங்கம்-25 இன் எடை சுமார் 7394 டால்டன். அந்த இடத்தில் ஒற்றை உச்சி வந்தால் சந்தோஷப்படலாம்.

லேசரால் மாதிரியை ஆவியாக்கி எடை பார்க்கும் மால்டி கருவியில் எடுத்தால் 6057 பக்கத்தில் இன்னொரு உச்சி அடிக்கடி வரும், அதைப் பார்த்துப் பயந்துபோய் மாதிரியைத் திரும்பத் திரும்பக் கழுவுபவர்கள் உண்டு. அது மாசு இல்லை. லேசர் பட்டதும் 4 தங்கமும் 4 தயோலேட்டும் சேர்ந்து ஒரு துண்டாகக் கழன்று விழுவதால் வருவது. சந்தேகம் இருந்தால் எலக்ட்ரோஸ்பிரேயில் எடுத்துப் பாருங்கள், அது மென்மையான முறை.

நிறை நிறமாலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தக் கிளஸ்டரின் வரலாறே சாட்சி. குளுட்டதயோன் மூடிய இதே பொருளை 1998இல் 28 தங்கம், 16 தயோலேட் என்று அடையாளம் சொன்னார்கள். 2005இல் ஜப்பானில் நெகிஷி, ட்சுக்குடா குழு ஜெல்லில் ஓடவிட்டு ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து எடைபோட்ட பிறகுதான் அது 25-18 என்று திருத்தப்பட்டது.

ஏன் 25? 24, 26 ஏன் நிக்க மாட்டேங்குது?

எலக்ட்ரான் கணக்கு. ஒவ்வொரு தங்க அணுவும் ஒரு வெளி எலக்ட்ரான் கொடுக்கிறது, ஒவ்வொரு தயோலேட்டும் ஒன்றைத் தன்னிடம் பூட்டிக்கொள்கிறது. தங்கத்தின் எண்ணிக்கையில் இருந்து தயோலேட்டைக் கழித்து, மின்சுமையையும் கழியுங்கள். 25 கழித்தல் 18, ஏழு. சுமை எதிர் ஒன்று என்பதால் ஒன்று கூடி எட்டு. அந்த எட்டும் தனித்தனி அணுவுக்குச் சொந்தமாக இல்லாமல் உள்ளகம் முழுவதற்கும் பொதுவாக, ஒரே பெரிய அணுவின் எலக்ட்ரான்கள் மாதிரி கூடுகளில் அமர்கின்றன. 2, 8, 18, 34, 58 என்ற எண்களில் கூடு நிரம்புகிறது. மீயணு என்று இதைச் சொல்வது வழக்கம். 1984இல் பெர்க்லியில் நைட் குழு சோடியம் ஆவியில் 8, 20, 40, 58 அணு கொண்ட கொத்துகள் மட்டும் அதிகமாக வருவதைப் பார்த்தபோதே இந்த எண்ணம் வந்துவிட்டது. 2008இல் ஃபின்லாந்தின் ஹாக்கினென் முதலானோர் அதை லிகண்ட் மூடிய தங்கத்துக்கு நீட்டினார்கள்.

102 தங்கம், 44 தயோலேட்? 58. வெள்ளி-44 இல் 30 தயோலேட், சுமை எதிர் நான்கு? 18. நீங்களே போட்டுப் பாருங்கள், பொருந்தும்போது ஒரு சிலிர்ப்பு வரும்.

தங்கம்-38க்குப் போட்டா 14 வருது. அது எந்தக் கூடும் இல்லையே?

சரியான கேள்வி. 38 கழித்தல் 24, பதினான்கு. ஆனால் தங்கம்-38 இன் உள்ளகம் ஒரு உருண்டை கிடையாது. முன்னால் பார்த்த 13 அணு உள்ளகம் இரண்டு, ஒரு முகத்தில் மூன்று அணுவைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கின்றன, ஆக 23. நீண்ட வடிவம். இரண்டு மீயணு சேர்ந்த ஒரு மீமூலக்கூறு என்று பார்த்தால் பதினான்கு இயல்பாக வந்து உட்காரும்: ஃபுளூரின் இரண்டு அணு சேரும்போது வெளி எலக்ட்ரான் எத்தனை? பதினான்கு.

தங்கம்-144க்குப் போட்டால் 84 வரும், அதுவும் பட்டியலில் கிடையாது, ஆனாலும் அது நன்றாகவே நிலைத்து நிற்கும் கிளஸ்டர். அளவு பெரிதாகப் பெரிதாக எலக்ட்ரான் கணக்கின் பிடி தளர்ந்து, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, மேல்பரப்பை லிகண்ட் எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது என்பவை முந்திக்கொள்கின்றன. எண்ணிப் பார்த்து எட்டோ பதினெட்டோ வராவிட்டால் உடனே உங்கள் வாய்பாடு தப்பு என்று நினைக்க வேண்டாம்.

எட்டு எலக்ட்ரான் இருந்தாதான் நிலையானதுன்னா, ஒண்ணு போனா உடைஞ்சிடுமா?

உடையாது. தங்கம்-25 கரைசலைக் காற்றுப்படத் திறந்து வைத்தாலே ஒரு எலக்ட்ரானை இழந்து சுமையற்றதாகிவிடும். செம்பழுப்பு பச்சை கலந்ததாக மாறும், 400 பக்கத்து உச்சி கூர்மையாகும். ஏழு எலக்ட்ரான் என்பதால் ஒன்று இணையில்லாமல் நிற்கும், காந்தப்புலத்துக்குப் பதில் சொல்லும். 25 தங்கமும் 18 தயோலேட்டும் அப்படியே இருக்கும். மெதுவாக ஒடுக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதைவிட நல்ல உதாரணம் பல்லேடியம். நடு அணுவை மட்டும் பல்லேடியமாக மாற்றினால் கணக்குப்படி ஆறு எலக்ட்ரான்தான், ஏனென்றால் பல்லேடியம் பொதுக் கணக்கில் எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் 2010இல் நெகிஷி குழு பார்த்தபோது கரைசலில் சிதையாமல் இருப்பதிலும் தயோல் அரிப்பைத் தாங்குவதிலும் அது அசல் தங்கம்-25 ஐ மிஞ்சியது. எட்டு எலக்ட்ரான் மட்டுமே காரணம் என்றால் இது நடக்கக் கூடாது. ஆகவே யாராவது "இந்தக் கிளஸ்டர் நிலையானது" என்று சொன்னால் நான் உடனே கேட்பது "எதற்கு எதிராக?" என்றுதான். சூட்டுக்கா, காற்றுக்கா, ஒளிக்கா, மிகுதியான தயோலுக்கா, இன்னொரு கிளஸ்டருக்கா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில் வரும், ஒன்றில் முதலிடம் வாங்கியது இன்னொன்றில் தோற்கும்.

வெள்ளி கிளஸ்டர் மட்டும் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகுது?

வெள்ளி எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும், அவ்வளவுதான் அடிப்படை. காற்றும் ஒளியும் பட்டால் மேல்பரப்பு வெள்ளி அயனியாகிக் கழன்று, கடைசியில் நிறமில்லாத தயோலேட்டும் கறுப்புப் படிவும்தான் மிஞ்சும். பல வெள்ளி கிளஸ்டர்கள் படிகமாவதற்குள்ளேயே போய்விடும்.

ஆனால் வெள்ளி என்றாலே அப்படி என்று முடிவு கட்ட வேண்டாம். 2013இல் டொலீடோ பல்கலைக்கழகத்தின் பிகியோனி குழு வெளியிட்ட வெள்ளி-44, கார்பாக்சில் கொண்ட அரோமாட்டிக் தயோலால் மூடியது, ஒரே தடவையில் நூறு கிராமுக்கும் மேல் செய்யும் அளவுக்கு உறுதியானது. 18 எலக்ட்ரான் நிரம்பியது ஒரு பக்கம், பக்கத்துப் பக்கத்து லிகண்டுகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து மேல்பரப்பைக் காப்பது இன்னொரு பக்கம். 2015இல் பக்ர் குழு செய்த வெள்ளி-25 இன்னும் சுவாரசியம்: தங்கம்-25 இன் அதே எண்ணிக்கை, அதே சுமை, ஏறக்குறைய அதே கட்டமைப்பு, உலோகம் மட்டும் வேறு. கீழே வரும் சோதனைகளுக்கு இந்த ஜோடி கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

மேலே இருக்கும் தயோலை மட்டும் மாத்தினேன், உள்ளே இருக்கற தங்க எண்ணிக்கையும் மாறிடுச்சு. இது எப்படி?

நடக்கும், இதுதான் லிகண்ட் தூண்டும் உருமாற்றம். தங்கம்-38 ஐ எடுத்து, பருமனான டெர்ட்-பியூட்டைல் பென்சீன்தயோலை மிகுதியாகப் போட்டு 80 டிகிரியில் வைத்தால் 36 தங்கம், 24 தயோலேட் கொண்ட வேறு ஒரு கிளஸ்டர் கிடைக்கிறது. அதே தயோல் தங்கம்-25 ஐ 28 தங்கம், 20 தயோலேட் ஆக்குகிறது, தங்கம்-144 ஐ 133 ஆக்குகிறது. ஸ்டேப்பிள் படத்தை நினைத்துப் பாருங்கள். மேல்தோலில் இருப்பது தயோல் மட்டும் இல்லை, தங்கமும் சேர்ந்துதான் இருக்கிறது. பருமனான தயோல் வந்து உட்கார்ந்தால் பட்டையின் கோணம் மாறும், பக்கத்துப் பட்டையோடு இடிக்கும், அந்த நெருக்கடி உள்ளகம் வரை இறங்கும்.

38இல் இருந்து 36க்குப் போகும் பாதையை 2013இல் ஜின் குழு நேரத்துக்கு நேரம் மாதிரி எடுத்துத் தொடர்ந்தது. முதலில் வெறும் லிகண்ட் மாற்றம், எண்ணிக்கை 38 ஆகவே இருக்கிறது. பிறகு கட்டமைப்பு நெளிகிறது, நிறமாலை மாறுகிறது, எண்ணிக்கை இன்னும் 38தான். மூன்றாவதாக இரண்டு 38 சேர்ந்து ஒரு 36 ஆகவும் ஒரு 40 ஆகவும் பிரிகின்றன: இரண்டு தங்கம் கைமாறுகிறது. கடைசியில் அந்த 40உம் அரிக்கப்பட்டு 36 ஆகிறது. இரண்டாவது கட்டத்தை நன்றாகக் கவனியுங்கள். எடை மாறாமல் உருவம் மாறும் அந்த நேரத்தில் நிறை நிறமாலையை மட்டும் நம்பினால் "இன்னும் ஒன்றும் நடக்கவில்லை" என்றுதான் எழுதுவீர்கள்.

இரண்டு வேற கிளஸ்டர் கரைசலை சும்மா கலந்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன்.

நிறைய பேர் அப்படித்தான் நினைத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழு 2016இல் அதைச் செய்துகாட்டியது. தங்கம்-25 ஐயும் வெள்ளி-44 ஐயும் அறை வெப்பநிலையில் கலந்தார்கள். இரண்டும் தங்களுக்குள் உலோக அணு, லிகண்ட், உலோகமும் லிகண்டும் சேர்ந்த துண்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டன. அதே ஆண்டு தங்கம்-25 ஐயும் வெள்ளி-25 ஐயும் கலந்தபோது முழுத் தங்கத்தில் இருந்து முழு வெள்ளி வரை இடையில் உள்ள கலப்புகள் வரிசையாக வந்தன. எத்தனை அணு மாறினாலும் மொத்தம் 25, தயோலேட் 18, கட்டமைப்பு அதே.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது சோதனையில் அவர்கள் பிடித்த ஒரு சின்ன உச்சி. தங்கம்-25 ஒன்றும் வெள்ளி-25 ஒன்றும் முழுசாக ஒட்டிக்கொண்டு, இரண்டு எதிர்மின்சுமையோடு, சிதையாமல் கருவிக்குள் பறந்து வந்திருக்கிறது. இரண்டும் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று விலக்கத்தான் வேண்டும், ஆனாலும் ஸ்டேப்பிள்கள் வழியாகக் கைகோத்திருக்கின்றன. பரிமாற்றம் தொடங்கும் கணத்தின் தடயம் அது.

வேற வேற உலோகம்னா சரி. ஒரே உலோகம்னா மாறாதுதானே?

மாறும், அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இயற்கை வெள்ளியில் 107, 109 என்ற இரண்டு ஐசோடோப்புகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கின்றன. 2019இல் அதே குழு சுத்தமான 107 கொண்டு ஒரு வெள்ளி-25, சுத்தமான 109 கொண்டு இன்னொரு வெள்ளி-25 செய்து இரண்டையும் கலந்தது. வேதியியலாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே, மாறுவதற்கு எந்த ஆற்றல் லாபமும் கிடையாது. ஆனாலும் நிறை நிறமாலையில் இரண்டு உச்சிகளும் வேகமாகக் கரைந்து நடுவில் கலப்புகள் எழுந்தன. சாதாரண நீரையும் கனநீரையும் கலந்தால் ஹைட்ரஜன் இடம் மாறுவதைப் போன்ற நடத்தை என்று அவர்கள் எழுதினார்கள்.

அப்படின்னா "அணுத் துல்லியம்"னு சொல்றதே பொய்யா? அணு ஓடிக்கிட்டே இருக்குதே.

பொய் இல்லை. துல்லியம் என்பது எண்ணிக்கைக்கும் கட்டமைப்புக்கும். எந்தத் தனிப்பட்ட அணு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அல்ல. 25 இடம் இருக்கிறது, 25உம் நிரம்பியிருக்கிறது, ஆள் மாறலாம். பல்லேடியம் கேள்வியில் சொன்ன "எதற்கு எதிராக?" இங்கேயும் வேலை செய்யும். தனியாக இருக்கும் வெள்ளி-25 தன் வாய்பாட்டைக் காப்பதில் உறுதி, பக்கத்தில் இன்னொரு கிளஸ்டர் வந்தால் பரிமாறிக்கொள்வதில் தாராளம்.

கலக்காமல் தனியாக இருக்கும்போதுகூட அது விறைத்துக் கிடப்பதில்லை. தங்கம்-38 இல் ஸ்டேப்பிள்கள் சுழன்று அடுக்கப்பட்டிருப்பதால் வலக்கை, இடக்கை என்று இரண்டு வடிவம் உண்டு. பியூர்கி குழு 2012இல் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, சூடாக்கிப் பார்த்தது. 40 முதல் 80 டிகிரிக்குள்ளேயே ஒரு வடிவம் மற்றதாக மாறுகிறது, கிளஸ்டர் சிதையாமலே. தங்கம்-கந்தகப் பிணைப்பு வலுவானதுதான், ஆனால் நகராத பிணைப்பு அல்ல.

வெள்ளி அயனியைத் தங்கம்-25 கரைசலில் போட்டேன், வெள்ளி உள்ளே போயிடுச்சு. தங்கம்தானே உயர்ந்த உலோகம்? தலைகீழா இருக்கே?

நீங்கள் பார்த்தது சரிதான். பாடப்புத்தக வரிசைப்படி தங்க அயனியை வெள்ளி ஒடுக்கலாம், வெள்ளி அயனியைத் தங்கம் ஒடுக்கக் கூடாது. கிளஸ்டர் அளவில் இது தலைகீழாக நடக்கிறது, எதிர்-கால்வானிக் வினை என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த மின்வேதி வரிசை கட்டித் தங்கத்துக்கும் கட்டி வெள்ளிக்கும் போட்டது. 25 அணுவும் ஒரு எதிர்மின்சுமையும் கொண்ட பொருள் எலக்ட்ரானை எவ்வளவு எளிதில் விடும் என்பதை அந்த வரிசை சொல்லாது. காற்றுக்கே ஒன்றை விட்டுவிடுகிறது என்று மேலே பார்த்தோம்.

உள்ளே போகும் அணு எங்கே உட்காரும் என்பதும் தற்செயல் அல்ல. பல்லேடியமும் பிளாட்டினமும் நடுவில் அமரும், வெள்ளி உள்ளகத்தின் 12 மூலைகளை விரும்பும், தாமிரம் ஸ்டேப்பிள் பக்கம் போகும்.

புரதம் வச்சு செஞ்ச தங்கக் கிளஸ்டர் சிவப்பா ஒளிருதே, அதுவும் இதுவும் ஒன்னா?

உறவு உண்டு, ஒன்று அல்ல. 2009இல் சிங்கப்பூரில் ஜாக்கி யிங் குழு மாட்டு அல்புமின் கரைசலில் தங்க உப்பைச் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் காரமாக்கி, 37 டிகிரியில் விட்டு வைத்தது. புரதமே தங்கத்தைப் பிடித்து ஒடுக்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டினால் 640 நானோமீட்டர் பக்கத்தில் சிவப்பாக ஒளிரும். சுமார் 25 தங்கம் என்று எடை வித்தியாசத்தில் இருந்து கணக்கிட்டார்கள். தயோலேட் தங்கம்-25 க்கு இருப்பது போன்ற படிக அமைப்பு இதற்கு இல்லை, ஆகவே மேலே சொன்ன எட்டு எலக்ட்ரான், ஆறு ஸ்டேப்பிள் எதையும் இதன் மேல் ஏற்றிப் பேசாதீர்கள். செல்லுக்குள் படம் எடுக்க, பாதரசம் போன்ற அயனிகளைக் கண்டறிய இது நன்றாகப் பயன்படுகிறது.

செஞ்சு முடிச்சதை எப்படிப் பத்திரமா வைக்கறது?

கரைசலாக வைக்காதீர்கள். மெத்தனாலில் நன்றாகக் கழுவி, மிச்சத் தயோல் போனதை உறுதி செய்து, கரைப்பானை முழுக்க இழுத்துக் காய்ந்த திடப்பொருளாக, இருட்டில், குளிர்பெட்டியில் வையுங்கள். கழுவலில் அலட்சியம் வேண்டாம், மிச்சத் தயோல் என்பது அளவுக் குவிப்பில் பார்த்த அதே அரிக்கும் பொருள், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் அது வேலை செய்துகொண்டிருக்கும். வெள்ளி என்றால் செய்த வாரத்திலேயே அளவீடுகளை முடித்துவிடுங்கள். எதுவானாலும் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் முதலில் ஒரு நிறமாலை எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

சரியா வராத மாதிரியெல்லாம் குப்பையா? தங்கம் விக்கிற விலைக்கு மனசு கேக்கலை.

எதையும் கொட்ட வேண்டாம். தங்கம் எங்கேயும் போகவில்லை. தோற்ற மாதிரி, கழுவிய நீர், வடிதாள் எல்லாவற்றையும் பெயர் எழுதிய தனிப் புட்டியில் சேருங்கள். போரோஹைட்ரைடு மிச்சம் இருக்கும் கழிவைத் தனியாக வைத்து, நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நுரை முழுக்க அடங்கும் வரை காத்திருங்கள். கரிமக் கரைப்பான் சொட்டும் இல்லாமல் ஆவியாக்கி, எஞ்சியதை உலையில் சுட்டுத் தயோலை எரித்துவிட்டால் உலோகத் தங்கம் நிற்கும், அதை இராஜதிராவகத்தில் கரைத்து மறுபடி தங்க உப்பாக்கலாம். கரைப்பான் இருக்கும்போது இராஜதிராவகத்தை ஊற்றினால் புட்டி வெடிக்கும், ஆகவே இந்தக் கடைசி வேலையை ஏற்கெனவே செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.